சர்க்கரை நோய் மருந்து ஆய்வும் கூகுள் ஸ்காலரும்: ஒரு வேதியியல் ஆசிரியையின் மதிப்புரை

பாளையங்கோட்டையில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன்; முனைவர் பட்ட மாணவர்களுக்கு நெறியாளராகவும் இருக்கிறேன். சர்க்கரை நோய்க்கு எதிராகச் செயல்படக்கூடிய புதிய சேர்மங்களைத் தயாரிப்பதும், மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதிகளை அவை தடுக்கின்றனவா என்று சோதிப்பதும் எங்கள் ஆய்வகத்தின் வேலை. இந்த வேலைக்கு நான் தினமும் நாடுகிற, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் இணையச் சேவை கூகுள் ஸ்காலர்.

எங்கள் வட்டாரக் கல்லூரிகளில் அதே கூகுள் ஸ்காலர் இன்னொரு வேலைக்கும் பயன்படுகிறது. உதவிப் பேராசிரியர் நேர்முகத் தேர்வானாலும், பதவி உயர்வானாலும், ஆய்வு நிதி விண்ணப்பமானாலும் முதலில் வருகிற கேள்வி, “உங்கள் ஸ்காலர் பக்கத்தில் எத்தனை மேற்கோள், எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?” என்பதுதான். மேற்கோள் என்பது நம் கட்டுரையைப் பிறர் தம் கட்டுரையில் ஆதாரமாகக் குறிப்பிடுவது; எச்-இண்டெக்ஸ் அந்த மேற்கோள்களிலிருந்து கணக்கிடும் ஓர் எண், பின்னால் விளக்குகிறேன். தேடுகருவியாக அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஒரு ஆய்வாளரின் தரத்தை அந்த ஒற்றை எண்ணால் முடிவு செய்வதை எதிர்க்கிறேன். இந்த இரண்டு பயன்பாட்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் சேவையைப் பற்றி. அனுராக் ஆச்சார்யா, அலெக்ஸ் வெர்ஸ்டாக் என்ற இரு பொறியாளர்கள் உருவாக்கிய கூகுள் ஸ்காலர் 2004 நவம்பரில் வெளிவந்தது. ஆய்வாளர்கள் தங்களுக்கென்று தனிப்பக்கம் வைத்துக்கொள்ளும் வசதி 2011-ல் எல்லாருக்கும் திறக்கப்பட்டது. எல்லாமே இலவசம். இதே வகைச் சேவைகளான ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் இரண்டையும் முழுமையாகப் பயன்படுத்த நிறுவனம் சந்தா கட்ட வேண்டும். சிறிய கல்லூரிகளுக்கு அது கட்டுப்படியாகாது. அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் என் மாணவி ஒருத்தி, பயண நேரத்திலேயே கைபேசியில் கட்டுரைகளைத் தேடி, இலவசமாகப் படிக்கக் கிடைப்பவற்றை இறக்கி வைத்துக்கொள்கிறாள். தேடல் முடிவுக்குப் பக்கத்தில் பிடிஎஃப் இணைப்பு தெரிந்தால் போதும். தெரியாவிட்டால், ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற இணைப்பைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன். ஆசிரியர் தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் போட்டு வைத்த பிரதி பல நேரம் அங்கே அகப்படும். பணமில்லாத ஆய்வகத்துக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது, நூலகத்தில் ஆய்விதழ் வராமல் மாதக்கணக்கில் காத்திருந்த என் தலைமுறைக்குத் தெரியும்.

இந்தச் சேவையின் உயிர் ‘சைட்டட் பை’ என்ற சின்ன இணைப்பில் இருக்கிறது. ஒரு கட்டுரையை அதன் பிறகு யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று அது வரிசையாகக் காட்டும். இந்த யோசனை கூகுளுடையது அன்று. வேதியியலில் பட்டம் பெற்ற யூஜின் கார்ஃபீல்ட் 1955-ல் ‘சயின்ஸ்’ இதழில் முன்வைத்தது. 1964-ல் அறிவியல் மேற்கோள் அட்டவணையாக அச்சில் வந்தது. பழைய கட்டுரையிலிருந்து புதிய கட்டுரைக்குப் போக வழி வேண்டும், தவறென்று தெரிந்துவிட்ட முடிவைத் தெரியாமல் யாரும் எடுத்தாளக் கூடாது என்பவை அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானவை. தேடுவதற்கும் சரிபார்ப்பதற்கும் பிறந்த கருவி அது.

அந்த வழியில் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு எங்கள் மலையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிக் காடுகளிலும் இலங்கையிலும் வளரும் சலேசியா இனக் கொடிகளைப் பொன்கொரண்டி என்பார்கள். சித்த மருத்துவத்தில் கடலழிஞ்சில் என்ற பெயரில் மதுமேகத்துக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, கொடுக்கிறார்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிப் பக்கம் போகிறவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. 1997-ல் ஜப்பானில் யோஷிகாவாவின் குழு இந்தக் கொடியிலிருந்து சலாசினால் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்தது. அதன் அமைப்பைக் கரும்பலகையில் வரைந்து காட்டும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பொங்கும். வளையத்துக்குள் நேர்மின்னூட்டம் கொண்ட கந்தக அணு ஒன்று. பக்கச் சங்கிலியில் எதிர்மின்னூட்டம் கொண்ட சல்பேட் தொகுதி. இரண்டும் ஒரே மூலக்கூறில் ஒன்றையொன்று சமன் செய்கின்றன. இயற்கைச் சேர்மங்களில் இப்படி ஒன்றைக் காண்பது அரிது.

அந்த 1997 கட்டுரையின் ‘சைட்டட் பை’ பட்டியலைத் திறந்து ஆண்டுவாரியாகப் படித்துப் பாருங்கள். மறு ஆண்டே கோட்டலனால் என்ற உறவுச் சேர்மம் வருகிறது. 2000-ல் சலாசினாலை ஆய்வகத்திலேயே தயாரித்துவிட்டார்கள். 2010-ல், மனிதக் குடலில் மாவுச்சத்தைச் சிதைக்கும் மால்டேஸ்-குளுக்கோஅமைலேஸ் நொதிக்குள் கோட்டலனால் எப்படிப் பொருந்தி உட்காருகிறது என்ற படிக அமைப்பே வெளிவந்துவிட்டது. வைத்தியர் கொடுத்த வேர்ப்பட்டைப் பொடி எந்த நொதியின் எந்தக் குழிவில் போய் வேலை செய்கிறது என்பதை ஒரு முதுகலை மாணவி ஒரு பிற்பகலில் பின்தொடர்ந்து படித்துவிட முடிகிறது. ஆய்வின் தாக்கம் என்றால் நான் நினைப்பது இதைத்தான்: ஒரு கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்தவர் அடுத்த படி ஏறுவது.

எங்கள் அன்றாடச் சோதனைக்கும் இந்தப் பட்டியல் கண்ணைத் திறந்து வைக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மேற்கோள் எண்ணிக்கையின் ஓட்டை இங்கேதான் தெரியும்.

மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் நொதியின் தடுப்புச் சோதனை பார்வைக்கு எளியது. 96 குழிகள் கொண்ட தட்டில் நொதியும், நாம் தயாரித்த சேர்மமும், பாரா-நைட்ரோபீனைல் குளுக்கோசைடும் சேர்க்கிறோம். நொதி அந்தக் குளுக்கோசைடைப் பிளந்தால் மஞ்சள் நிறம் வரும். சேர்மம் நொதியைத் தடுத்தால் மஞ்சள் மங்கும். 405 நானோமீட்டர் அலைநீள ஒளியில் நிறத்தை அளந்து, நொதியின் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் செறிவைக் கணக்கிட்டு ஐசி50 என்று எழுதுகிறோம். ஒப்பீட்டுக்கு, சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் அகார்போஸ் மாத்திரையின் மூலப்பொருள். இதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. சால்கோன் வகைச் சேர்மங்கள் பலவும் தாமே மஞ்சள். நொதி இல்லாமல் சேர்மம் மட்டும் உள்ள வெற்றுக்குழியை வைத்து அந்த நிறத்தைக் கழிக்காவிட்டால் கணக்கு கெட்டுவிடும். இரண்டாவது கண்ணி இன்னும் பெரியது. பெரும்பாலான ஆய்வகங்கள் விலை மலிவாகக் கிடைக்கும் ஈஸ்ட் நொதியில்தான் சோதிக்கின்றன. அகார்போஸ் பாலூட்டிகளின் குடல் நொதியை நன்றாகத் தடுக்கும். ஈஸ்ட் நொதியை மிகப் பலவீனமாகவே தடுக்கும். ஆகவே ஈஸ்ட் நொதியில் சோதித்து, “எங்கள் சேர்மம் அகார்போஸைவிடப் பல மடங்கு வீரியமானது” என்று எழுதுவது மிகச் சுலபம். அப்படி எழுதிய கட்டுரைகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அவை ஒன்றையொன்று மேற்கோளும் காட்டுகின்றன.

மேற்கோள் எண்ணைப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. ஆனால் ஸ்காலரிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. நிறைய மேற்கோள் வாங்கிய ஒரு கட்டுரையின் ‘சைட்டட் பை’ பட்டியலைத் திறந்து, ‘மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் தேடு’ என்ற கட்டத்தைத் தேர்வு செய்து, எலிக் குடல் நொதி என்பதற்குரிய ஆங்கிலச் சொற்களைத் தட்டச்சு செய்யச் சொல்கிறேன். அந்தச் சேர்மத்தையோ அதன் உறவையோ யாராவது பாலூட்டி நொதியில் சோதித்தார்களா, சோதித்தவர்கள் என்ன கண்டார்கள் என்பது சில நிமிடங்களில் வந்துவிடும். ஒன்றுமே வரவில்லை என்றால் அந்த வெறுமையும் ஒரு செய்திதான். என் மாணவர்கள் புதிய சேர்மத் தயாரிப்பு எதையும் தொடங்கும் முன் இந்தத் தேடலைச் செய்து குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அது கட்டாயம். இந்த ஒரு வசதிக்காக மட்டுமே ஸ்காலருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

எங்கள் ஊர்ச் செடிகளைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. “ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ” என்று பழமொழி சொல்லும் ஆவாரைக்குத் தாவரவியல் பெயர் மாறியிருக்கிறது. காசியா ஆரிகுலேட்டா என்றும் சென்னா ஆரிகுலேட்டா என்றும் இரு பெயரிலும் தேடினால்தான் பழைய கட்டுரைகளும் புதியவையும் சேர்ந்து வரும்.

இனி எண் விஷயம். எச்-இண்டெக்ஸ் என்பதை 2005-ல் கொடுத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவர் எழுதிய கட்டுரைகளில் 12 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 12 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், 13-ஐ அவர் அதே வகையில் எட்டவில்லையென்றால், அவருடைய எச்-இண்டெக்ஸ் 12. பத்து முறைக்குக் குறையாமல் மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை ஐ10. ஸ்காலர் பக்கத்தின் வலப்புறத்தில் இவை பெரிதாகத் தெரியும். கீழே ஆண்டுவாரிப் பட்டை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டலுக்குள் ஆய்விதழ்க் கட்டுரை, மாநாட்டுத் தொகுப்பு, இதழில் வரும் முன்பே இணையத்தில் இடும் முன்பிரதி, ஆய்வேடு எல்லாம் ஒரே மதிப்போடு சேர்கின்றன. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதும் கழிக்கப்படுவதில்லை. ஒரே ஆளின் எச்-இண்டெக்ஸ் ஸ்கோப்பஸில் குறைவாகவும் ஸ்காலரில் கூடுதலாகவும் இருப்பதற்கு, ஸ்காலர் இப்படி எல்லா வகை ஆவணங்களையும் சேர்ப்பதுதான் முக்கியக் காரணம். நேர்முகத் தேர்வுக் குழு எந்தச் சேவையின் எண்ணைக் கேட்கிறது என்றாவது அறிவிப்பில் எழுத வேண்டும். பல அறிவிப்புகளில் அதுகூட இருப்பதில்லை.

சர்க்கரை நோய்த் துறையில் இந்த எண்ணை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு மதிப்பிட்டது. நோய் பெருகப் பெருக ஆய்வும் பெருகுகிறது; கட்டுரையும் பெருகுகிறது. எந்தக் கட்டுரையின் முன்னுரையிலும் “ஹெட்டிரோசைக்ளிக் சேர்மங்கள் சர்க்கரை நோய்க்கு எதிரான பண்பு உடையவை” என்று ஒரு வாக்கியம் வரும். அதன் வாலில் பத்துப் பதினைந்து மேற்கோள் எண்கள் கொத்தாகத் தொங்கும். அந்தக் கொத்தில் இடம் பிடித்த கட்டுரைகளை, அவற்றை மேற்கோள் காட்டியவர் முழுக்கப் படித்தார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அரிய உலோகக் கரிமச் சேர்மம் ஒன்றின் வினைவழியை நிதானமாக ஆராய்கிறவருக்கு, உலகம் முழுவதும் சேர்த்தாலும் வாசகர்கள் சிலர்தான். சர்க்கரை நோய்ச் சேர்மம் செய்கிறவரையும் இவரையும் ஒரே எண்ணை வைத்து ஒப்பிடுவது நியாயமே இல்லை.

என் கட்டுரைகளில் ஒன்றை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகத் திறந்து படித்திருக்கிறேன். பெரும்பாலானவை மேலே சொன்ன கொத்து வகை. ஆனால் ஒருவர், வட இந்தியாவில் ஒரு பல்கலைக்கழக மாணவர், எங்கள் செய்முறையை வரிக்கு வரி பின்பற்றி, எத்தனாலில் மறுபடிகமாக்கும்போது விளைச்சல் குறைகிறது, அசிட்டிக் அமிலத்தில் செய்தால் படிகம் சுத்தமாக வருகிறது என்று சோதனைப் பகுதியில் எழுதியிருந்தார். அன்றைக்கே எங்கள் குறிப்பேட்டில் கரைப்பானை மாற்றினோம். ஸ்காலரின் கூட்டலில் அந்த மேற்கோளுக்கும் ஒன்றுதான். கொத்தில் தொங்கிய மேற்கோளுக்கும் ஒன்றுதான். எனக்கு அவை ஒன்றாக முடியாது.

எண்ணைப் பொய்யாக உயர்த்தவும் விலைக்கு வாங்கவும் முடிகிறது என்பது நிரூபிக்கப்பட்ட செய்தி. 2010-ல் பிரான்ஸைச் சேர்ந்த சிரில் லாபே, ஐக் ஆன்ட்கேர் என்ற இல்லாத ஆய்வாளரை உருவாக்கி, கணினி எழுதிய அர்த்தமற்ற கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்ட வைத்து, ஸ்காலர் கணக்கில் அவருடைய எச்-இண்டெக்ஸை 94 வரை உயர்த்திக் காட்டினார். 2024-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அபுதாபி வளாகத்து ஆய்வாளர்கள், கற்பனை ஆய்வாளர் ஒருவரின் பக்கத்துக்கு 300 டாலர் கொடுத்து 50 மேற்கோள்களை வாங்கியே காட்டிவிட்டார்கள். இரவு பகலாக வடிகட்டியும் உலர்த்தியும் நிறமாலை எடுத்தும் ஒரு சேர்மத்தின் தூய்மையை உறுதி செய்யும் பிள்ளைகளின் வாழ்க்கையை இந்த எண்ணா தீர்மானிப்பது என்று எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

வெறும் கோபத்தில் சொல்லவில்லை. என் மாணவர் ஒருவர், சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்துக்காரர், முனைவர் பட்டம் முடித்துவிட்டு ஒரு கல்லூரிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். ஈஸ்ட் நொதியில் நன்றாக வேலை செய்த தன் சேர்மங்கள் எலிக் குடல் நொதியில் ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை என்பதை மறைக்காமல் எழுதியவர் அவர். அந்த நேர்மையால் கட்டுரை சிறிய இதழில் வந்தது, மேற்கோளும் குறைவு. குழுவில் இருந்தவர்கள் ஸ்காலர் பக்கத்தின் எண்ணைக் கேட்டார்கள், குறித்துக்கொண்டார்கள், அனுப்பிவிட்டார்கள். எந்தச் சேர்மம் தயாரித்தாய், எப்படிச் சோதித்தாய் என்று ஒரு கேள்விகூட இல்லை. “ஒண்ணுமே கேக்கல மேடம்” என்று அவர் தொலைபேசியில் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஆய்விதழின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோளை) வைத்து ஆட்களை மதிப்பிடாதீர்கள், ஆய்வின் உள்ளடக்கத்தைப் படித்து மதிப்பிடுங்கள் என்று 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனம் கேட்டுக்கொண்டது. எங்கள் பக்கத்துத் தேர்வுக் குழுக்களிடம் நான் கேட்பது அதைவிடச் சிறியது: விண்ணப்பதாரரின் கட்டுரைகளில் ஒன்றையாவது திறந்து, அதன் சோதனைப் பகுதியைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்.

மெட்ஃபார்மினின் கதையை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது விழுங்கும் மாத்திரை அது. அதை முதன்முதலில் தயாரித்து எழுதியவர்கள் டப்ளின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த எமில் வெர்னரும் ஜேம்ஸ் பெல்லும், ஆண்டு 1922. அது மருந்தாகும் என்று அவர்கள் நினைத்துச் செய்யவில்லை. பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டது 1957-ல், அதுவும் ஒரு மொராக்கோ மருத்துவ இதழில். அமெரிக்கா அனுமதித்தது 1994-ல். வெர்னரையும் பெல்லையும் ஐந்தாண்டு மேற்கோளை வைத்து மதிப்பிட்டிருந்தால் அவர்களுக்கு என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும்?

குறைகளில் இன்னொன்று, பிழையோ மோசடியோ தெரிந்து இதழால் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள். 2023-ல் மட்டும் உலகெங்கும் 10,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் 8,000-க்கு மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. பதிப்பகம் தலைப்பிலேயே குறிப்புச் சேர்த்திருந்தால் ஸ்காலர் முடிவில் அது தெரியும். இல்லாவிட்டால் தனி எச்சரிக்கையை நம்பிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே முக்கியமாக நம்பியிருக்கும் ஒவ்வொரு கட்டுரையையும் அப்படித் திரும்பப் பெறப்பட்டவற்றைப் பட்டியலிடும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. 2023-லிருந்து, கட்டுரைகளுக்கு அடையாள எண் வழங்கும் அமைப்பான கிராஸ்ரெஃப் அதை எல்லாருக்கும் இலவசமாகத் தருகிறது. ஸ்காலர் குழு எனக்கு ஏதாவது செய்து தரலாம் என்றால் இரண்டு கேட்பேன்: திரும்பப் பெறப்பட்ட கட்டுரைக்குச் சிவப்பு அடையாளம், சுய மேற்கோளைக் கழித்துக் காட்டும் ஒரு பொத்தான்.

கடைசியாக, புதிதாகப் பக்கம் தொடங்கும் ஆய்வு மாணவர்களுக்கு. கல்லூரி மின்னஞ்சலைக் கொடுத்து உறுதி செய்தால்தான் உங்கள் பக்கம் தேடலில் வரும். கட்டுரைகளைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும் அமைப்பை நிறுத்திவிட்டு, ‘மின்னஞ்சலில் கேட்டுச் சேர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நம் பெயர்களுக்கு இது மிக அவசியம். முத்துலட்சுமி, இசக்கியம்மாள், சுடலைமுத்து, மாரியப்பன் என்று ஒரே பெயரில் வேதியியலிலேயே பலர் இருப்பார்கள். இனிஷியலும் ஒன்றாக அமைந்துவிட்டால் பிறர் கட்டுரை உங்கள் கணக்கில் விழும், உங்களுடையது பிறர் கணக்கில் போகும். தவறிச் சேர்ந்ததைத் தேர்வு செய்து நீக்கவும், ஒரே கட்டுரையின் இரு பதிவுகளை இணைக்கவும் பக்கத்திலேயே வசதி இருக்கிறது. அடுத்தவர் கட்டுரையைத் தெரிந்தே வைத்துக்கொள்வது திருட்டு. பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றினால் அதே பக்கத்தில் பழைய பெயரையும் ‘பிற பெயர்கள்’ பகுதியில் குறிப்பிடுங்கள். முதல் கட்டுரையில் பெயரை எப்படி எழுதுகிறீர்களோ அப்படியே கடைசிவரை எழுதுங்கள். இவற்றோடு ஆய்வாளர்களுக்கான ஆர்சிட் எண்ணும் வாங்குங்கள். 2012-லிருந்து வழங்கப்படும் அந்த 16 இலக்க அடையாளம், இனிஷியல் மாறினாலும் கல்லூரி மாறினாலும் மாறாது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது; முதல் கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.